சிறு ஊரில் பூங்காவும் மாலை நேர விளையாட்டும் நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும்?

எங்கள் பேரூராட்சியில் திறக்கப்பட்ட பூங்கா ஓராண்டுக்குள் புதர் மண்டிவிட்டது, பிள்ளைகளுக்கு விளையாட இடமும் இல்லை, பயிற்சியும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் மாலையில் எங்கள் ஊர்ப் பூங்காவை ஒட்டிய திடலில் பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான்: நாள்தோறும் குறித்த நேரத்தில் ஆட்கள் வந்து போகும் பூங்கா மட்டுமே பிழைக்கிறது. ஆகவே கருவிகளையும் கட்டுமானத்தையும் கேட்பதற்கு முன்பாக, இன்ன நேரத்தில், இன்ன விளையாட்டுக்கு, இன்னார் வருவார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் நிலத்தைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இதைத்தான் அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். இரண்டரை ஏக்கரை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் சாலைகளுக்கு மூவாயிரம் சதுர மீட்டர் போனாலும் சுமார் 700 சதுர மீட்டர், நம் கணக்கில் 17 சென்ட், பொதுவுக்குக் கிடைக்கும். கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டாலும் 360 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். மீதியில் நடைபாதையும் நான்கு வேப்ப மரங்களும் வைக்கலாம். உங்கள் ஊரில் இப்படி ஒதுக்கப்பட்ட இடங்கள் எவை, அவற்றின் புல எண் என்ன, தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பேரூராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் இடத்தில் பின்னாளில் வேறு கட்டடம் எழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மனு எழுதும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

இனி, பூங்கா ஏன் பாழாகிறது என்பதற்கு வருகிறேன். நான் பார்த்த ஒரு பூங்காவில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். முதலில் பேரிங்குக்குக் கிரீஸ் இல்லாமல் ஒன்று இறுகிப்போனது. அதைச் சிறுவர்கள் ஊஞ்சலாக்கி ஆடியதில் மிதிகட்டையின் பற்றவைப்பு விட்டுப்போனது. தெருமுனைப் பட்டறையில் சரிசெய்யக்கூடிய அந்தச் சிறு வேலையைச் செய்யச் சொல்வதற்கு அங்கே ஆளில்லை. காவலருக்குச் சம்பளம் நின்றதும் வாசலில் பூட்டுத் தொங்கியது, பூட்டு விழுந்ததும் சுவரேறிக் குதித்துக் குடிப்பவர்கள் வந்தார்கள், அதன் பிறகு குடும்பங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதே ஊரில் மண் களம் ஒன்று பல ஆண்டுகளாகப் பழுதில்லாமல் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் விளையாட வருபவர்களே புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து, கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வலை கட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டி எடுத்துப் போகும் பொறுப்பு இன்னாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே அரசுப் பணம் செலவானது இரண்டு கம்பங்களுக்கும் ஒரு விளக்குக்கும் மட்டுமே.

பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்காமல் எதையும் தொடங்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். பொதுத் திடல் என்று திறந்து விட்டால் முதல் வாரத்திலேயே பெரிய பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு முழு இடத்தையும் பிடித்துக்கொள்வார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் வேறு இடமில்லை. பள்ளி விட்டதும் ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று அறிவித்து, எறிபந்தோ கோ-கோவோ தொடங்கி, அதே நேரத்தில் தாய்மார்கள் நடைப்பயிற்சிக்கு வருமாறு ஏற்பாடு செய்தோம். அம்மா நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு மகளை அனுப்ப எந்த வீட்டிலும் மறுப்பு வரவில்லை. ஆனால் தண்ணீர் வரும் கழிப்பறையும், திடலிலிருந்து தெருமுனை வரை எரியும் விளக்கும் இல்லாவிட்டால் வயதுக்கு வந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். பேரூராட்சியிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

பயிற்சியாளரை வெளியூரில் தேட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், காவல் துறையிலோ இராணுவத்திலோ ஆடி ஓய்வு பெற்றவர், கல்லூரி அணியில் ஆடிய உள்ளூர்ப் பெண் என யாராவது ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஊரில் ஏற்கெனவே வேர் பிடித்த விளையாட்டு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடும் ஊர் அது. ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது. மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூர்ப் பிள்ளை. அரியலூரிலிருந்து வந்து அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்றவர் கார்த்தி செல்வம். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக இருவரும் ஆடினார்கள். செயற்கைப் புல்தரை அந்த ஊருக்குப் பின்னாளில்தான் வந்தது, மண்ணில் ஆடிய ஆட்டம் முன்பே இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இந்திய அணிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி, கல்லூரி மாணவர்களோடு பொதுப்பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் ஆகியோருக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மாவட்டப் போட்டிக்கு ஒரு முறை போய்வந்த பிள்ளையிடம் தெரியும் நிமிர்வே எனக்குப் போதுமானது.

பணத்தைப் பொறுத்தவரை, நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு ஏற்கும். பூங்கா, திடல் பணிகளுக்கும் அது பொருந்தும். கடைக்காரர்களும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும். காவலர் சம்பளம் மட்டும் நன்கொடையில் ஓடாது. அதைப் பேரூராட்சியின் ஆண்டுச் செலவில் சேர்க்க மன்றத் தீர்மானம் போடச் சொல்லி, உங்கள் வார்டு உறுப்பினரை விடாமல் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் களம் சேறாகிவிடும். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் பெரும்பாலான குழுக்கள் கலைகின்றன. சமுதாயக் கூடத்தையோ பள்ளி வகுப்பறையையோ கேட்டு வாங்கி, அதே நேரத்தில் கேரமும் சதுரங்கமும் நடத்துங்கள். மார்கழியில் புது மண் கொட்டி உருளை ஓட்டிச் சமன் செய்தால் பொங்கல் போட்டிக்குக் களம் தயாராகிவிடும்.