குளிரில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை மட்டும் வந்தால்

கேள்வி: ஐயா, என் டீசல் டிராக்டர் பகலில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. குளிர்காலக் காலையில் மட்டும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. வெள்ளைப் புகை வருகிறதே தவிர இன்ஜின் பிடிப்பதில்லை. ஏர் பில்டர் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் உடனே பிடிக்கும் என்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரேயில் இருப்பது ஈதர். டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே அது தானாகத் தீப்பற்றும். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் வெடித்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக, இன்ஜினுக்குள் மின்சாரத்தால் சூடேற்றும் பிளக்) உள்ள வண்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். சிவக்கச் சூடேறிய பிளக் மேல் ஈதர் பட்டால் உள்ளிழுக்கும் குழாயிலேயே வெடிக்கலாம்.

வெள்ளைப் புகை வருவது ஒரு வகையில் நல்ல செய்தி. அது எரியாமல் வெளியேறும் டீசல். அதாவது டீசல் சிலிண்டர் வரை போய்ச் சேருகிறது. டேங்க், பம்ப் பக்கம் நீங்கள் தேட வேண்டியதில்லை. இல்லாதது சூடுதான். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது பல நூறு டிகிரி சூடு பிறக்கிறது, அதில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச நேரமும் கூடுகிறது, அழுத்திய காற்றும் ரிங் வழியே கசிகிறது.

ஆகவே உங்கள் கோளாறு அந்த இழுத்து இழுத்துச் சுற்றும் செல்ஃபில்தான் தொடங்குகிறது. புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் டெர்மினல்களைக் கழற்றி, பூத்திருக்கும் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். எர்த் கேபிள் சட்டத்தில் சேரும் இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே துருவும் பெயின்ட்டும் இருந்தால் சுரண்டி எடுங்கள். செல்ஃப் அடித்தபின் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கரண்ட் அங்கேதான் வீணாகிறது. அப்புறம் மீட்டர் வைத்துப் பார்க்கலாம்: காலையில் செல்ஃப் அடிக்கும் முன் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். குளிர் கூடக்கூட பேட்டரியின் பலம் குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றுவதும் கடினமாகும். ஆயில் டப்பாவில் W என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரில் நன்றாக ஓடும். 20W-40 ஊற்றியிருந்தால், உங்கள் கையேடு அனுமதிக்கும் 15W-40க்கோ 10W-30க்கோ மாறுங்கள்.

ஹீட்டர் பிளக் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாத பிளக் செத்துவிட்டது.

ஸ்டார்ட் செய்யும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கிளட்சை முழுதாக மிதியுங்கள். கியர் பாக்ஸின் கெட்டி ஆயிலையும் சேர்த்து இழுக்கும் வேலை செல்ஃபுக்கு மிச்சமாகும். ஹீட்டரை 15 முதல் 20 நொடி போடுங்கள். ஒரு முறைக்கு 10, 15 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். பிடிக்காவிட்டால் 2 நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். பிடித்ததும் உறும விடாமல் சில நிமிடம் மெதுவாக ஓடட்டும்.

ஒரு நாள் புகையே வரவில்லை என்றால் விஷயம் வேறு. இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் உள்ளே போயிருக்கிறதா, பில்டரில் தண்ணீர் நிற்கிறதா, டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடுங்குளிரில் டீசலில் மெழுகு படிந்தும் பில்டர் அடைக்கும்.

அவசரத்தில் தரையில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். வண்டி கியரில் இருந்தால், பிடித்த நொடியே பின்சக்கரம் உங்கள் மேல் ஏறும். அப்படி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆயில் சேம்பருக்கு அடியில் தீ மூட்டுவதும், மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் கூடாது.

இத்தனையும் சரிசெய்து, செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் வெள்ளைப் புகையே வந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள்.