கேள்வி நேரம்: அரசு மருத்துவமனைப் பணம் எங்கே தேங்குகிறது?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாண அரசு மருத்துவமனைகளில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்கு விடை அளிக்கிறார்.

என் மாமியாருக்கு வயது 71. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க, மாதம் ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கே மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாகக் கிளம்பிவிடுகிறார். வீடு திரும்பும்போது மதியம் இரண்டு மணி. இதற்கு வேறு வழி இல்லையா? (வாசகி, டர்பன்)

இருக்கிறது, சகோதரி. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மாத்திரைக்காக மட்டும் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக, 2014 முதல் நாள்பட்ட நோய் மருந்து விநியோகத் திட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. மக்கள் வாயில் அதன் பெயர் ‘டாப்லாப் மெட்ஸ்’. மருத்துவரோ செவிலியரோ தொடர் மருந்துச் சீட்டு எழுதிப் பதிவு செய்துவிட்டால், மருந்துகள் வேறோர் இடத்தில் பொட்டலமாகக் கட்டப்பட்டு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தனியார் மருந்துக் கடைக்கோ வேறு விநியோக இடத்துக்கோ வந்துசேரும். கைப்பேசிக்குத் தகவல் வந்ததும் அடையாள அட்டையுடன் போய் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. அடுத்த முறை போகும்போது உங்கள் மாமியாரின் பெயரைச் சேர்க்குமாறு நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்; கேட்காதவர்களிடம் சொல்வதற்கு அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே அரசு நிதியிலிருந்து மருத்துவம் தருவதற்கான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டார் அல்லவா? எனக்கு வயது 48. மெடிக்கல் எய்டு என்னும் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை ஆண்டுதோறும் ஏறுகிறது. அதை நிறுத்திவிட்டால் என்ன? (வாசகர், ஃபீனிக்ஸ்)

இப்போது நிறுத்தாதீர்கள். 2024 மே 15 அன்று திரு. சிரில் ராமபோசா கையெழுத்திட்டது உண்மைதான். ஆனால் கையெழுத்து வேறு, நடைமுறை வேறு. மருத்துவர் சங்கங்களும் காப்பீட்டுத் திட்டங்களின் அமைப்பும் பிறரும் அச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறார்கள். தேசியக் காப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகே, அது தரும் சேவைகளை மெடிக்கல் எய்டு தரக் கூடாது என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நாள் அருகில் இல்லை.

இடையில் நிறுத்தினால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 35 வயதுக்கு மேல் காப்பீடு இல்லாமல் கழிந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, மீண்டும் சேரும்போது மாதத் தொகையில் 5 முதல் 75 சதவீதம் வரை தாமதக் கட்டணம் சேர்க்க இடமிருக்கிறது. அதோடு மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் விதிக்கப்படலாம். தொகை தாங்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மலிவான திட்டத்துக்கு இறங்குங்கள். ஏறத்தாழ 270 நோய்நிலைகளுக்கும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளிட்ட நாள்பட்ட நோய்களுக்கும் கட்டாயக் குறைந்தபட்சச் சேவையை எந்தத் திட்டமானாலும் தந்தாக வேண்டும்.

இனி, கேட்காத கேள்விக்கும் ஒரு விடை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 8.5 சதவீதம் மருத்துவத்துக்குச் செலவாகிறது. அதில் சற்றேறக்குறையப் பாதி, மக்களில் ஆறில் ஒருவருக்கும் குறைவானவர்கள் சேர்ந்திருக்கும் மெடிக்கல் எய்டு பக்கம் போகிறது. மீதிப் பாதியில்தான் மற்ற எல்லோருக்கும் அரசு வைத்தியம் பார்க்கிறது. இந்த இரண்டு பானைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்ற தேசியக் காப்பீட்டின் நோக்கத்தில் நான் குறை காண மாட்டேன். ஒரே கையால் மொத்தமாக வாங்கினால் விலை எப்படி இறங்கும் என்பதை 2010ஆம் ஆண்டு டெண்டரிலேயே பார்த்தோம்: எச்.ஐ.வி. மருந்துகளின் விலை அப்போது பாதிக்குக் கீழே இறங்கியது. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த வாசகர் அதைத்தான் தொட்டிருக்கிறார்.

மார்ச் மாதம் வந்தாலே கையுறை இல்லை, கட்டுத்துணி இல்லை என்கிறார்கள். இத்தனை வரி கட்டியும் பணம் எங்கே போகிறது? எல்லாம் ஊழல்தானா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஊழலும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஊழல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், யாரும் திருடாமலே பணம் வீணாகும் வழிகள் நம் கண்ணில் படாமல் போய்விடும்.

நிதி வரும் பாதையை முதலில் பாருங்கள். தேசியக் கருவூலம் வசூலிக்கும் வரியிலிருந்து மாகாணங்களுக்குச் சமப் பங்கு என்ற பெயரில் ஒரு தொகை பிரித்துத் தரப்படுகிறது. அதைக் கணக்கிடும் சூத்திரத்தில் கல்விக்கு 48 சதவீதமும் சுகாதாரத்துக்கு 27 சதவீதமும் எடையாக வைத்திருக்கிறார்கள். இது தொகையைக் கணக்கிட மட்டுமே. அந்தப் பணத்தை இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் மாகாணத்துக்கு இல்லை. சுகாதாரத் துறைக்கு வரும் தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடும். அதைக் குறைக்க முடியாது என்பதால், நெருக்கடி வரும்போது வெட்டு விழுவது மருந்து, பராமரிப்பு, காலிப் பணியிடம் ஆகிய மூன்றின் மேல்தான். பயிற்சி முடித்த மருத்துவர்கள் வேலை கேட்டு ஊர்வலம் போன விந்தையும் அதனால் நேர்ந்ததே. 2025 ஏப்ரலில் 1200 மருத்துவர்களை நியமிக்கப் போவதாக சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலேடி அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பாக்கி. பில் வந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது கருவூல விதி. நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. பிப்ரவரியில் பணம் தீர்ந்துவிட்டால் வந்த பில்களை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஏப்ரலில் புதுப் பணம் வந்ததும் பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள். ஆகவே புது ஆண்டு பிறக்கும்போதே குறைப் பணத்தோடு பிறக்கிறது. அதனால் அடுத்த பிப்ரவரிக்குப் பதில் ஜனவரியிலேயே கை காய்கிறது. சப்ளை செய்கிறவனும் சும்மா இருப்பானா? தாமதத்துக்கு வட்டியையும் சேர்த்துத்தான் அடுத்த விலையைச் சொல்வான். அரசாங்கம் அதிக விலை கொடுத்து வாங்குகிறது என்று நாம் குறைபட்டுக்கொள்வதில் ஒரு பகுதி இந்த வட்டிதான்.

மூன்றாவதைச் சொல்ல என் அனுபவமே போதும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கொதிநீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் கதவில் பொருத்தும் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. விலை தொள்ளாயிரம் ராண்டுக்குச் சற்று மேல். மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினோம். மூன்றில் ஒருவரின் வரிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால் கோப்பு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பியபோது, அந்த வகைச் செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாக ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பதினோரு வாரம் ஆயிற்று. அதுவரை கருவிகளை வேனில் ஏற்றி இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பிக் கிருமி நீக்கி வந்தோம்; அந்த டீசல் செலவு மட்டும் வளையத்தின் விலையைப் போல் இருபது மடங்கு. குடலிறக்கத்துக்கும் கர்ப்பப்பைக்கும் தேதி வாங்கியிருந்தவர்கள் பட்டினியாக வந்து திரும்பிப் போனார்கள். யாரும் ஒரு சென்ட் கூடத் திருடவில்லை. எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்தன.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் இருந்தாலும் அகப்பைக் காம்பு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் கையில் இருக்கிறது. தேசியக் காப்பீட்டு நிதி வந்து, மாகாணத் தலைநகரில் இருக்கும் காம்பு நாட்டின் நிர்வாகத் தலைநகரான பிரிட்டோரியாவுக்குப் போய்விடக் கூடாது என்பதே என் தயக்கம். மருத்துவமனைத் தலைவருக்கு ஒரு வரம்புவரை தானே செலவிடும் அதிகாரமும், செலவிட்டதற்கு மாதந்தோறும் வெளிப்படையாகக் கணக்குச் சொல்லும் கடமையும் சேர்ந்தே தரப்பட வேண்டும்.

நான் மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். ஏழ்மையான மாநிலத்தால் முடிவது இங்கே ஏன் முடியவில்லை? (வாசகர், லெனேசியா)

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் முடியவில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் விநியோகத்தில் இறங்கிய பிறகே நீங்கள் சொல்லும் நிலை வந்தது. என்னைக் கேட்டால், அதன் உயிர்நாடி ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை எழுதி, வங்கியில் தருவது போன்ற பாஸ்புக் ஒன்றைக் கொடுத்தார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் விலை பற்று வைக்கப்பட்டு, மீதி எழுதப்படும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற நம் பழமொழியை அரசு நிர்வாகமாக்கியதுதான் அது. எந்த மருந்து தன் ஊருக்குத் தேவை என்பதை உள்ளூர் மருத்துவரே முடிவு செய்தார். விலையை மட்டும் கழகம் மொத்தமாகப் பேசி முடித்தது. வந்த சரக்கின் மாதிரியை, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தேறாத சரக்கு வெளியே போகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் முதல் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மருந்துகளுக்கான விலை ஒப்பந்தத்தைத் தேசியத் துறை முடிக்கிறது. ஆர்டர் கொடுப்பதும் பணம் கட்டுவதும் மாகாணங்களின் வேலை. சங்கிலி அறுவது அந்த இடத்தில்தான்: கட்டாத பில்லுக்காக ஒரு நிறுவனம் மாகாணத்தின் கணக்கை நிறுத்திவைத்தால், நாட்டிலேயே மலிவான ஒப்பந்த விலை கையில் இருந்தும் கிளினிக் அலமாரி காலியாகத்தான் இருக்கும். அந்தப் பாஸ்புக்கை இங்கே எடுத்து வருவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ஒதுக்கிய பணம் ஆண்டு நடுவில் வேறு செலவுக்குத் திருப்பப்படாது என்ற உறுதி வேண்டும். அது இல்லாத பாஸ்புக் வெறும் நோட்டுப் புத்தகம்.

என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இதய நோயும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் தர முடியாது என்கிறார்கள். அரசியல் சாசனம் மருத்துவ உரிமை தருகிறது அல்லவா? (வாசகி, ஸ்டாங்கர்)

அம்மா, இதற்கு ஆறுதலான விடை என்னிடம் இல்லை. இதே கேள்வியோடு 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனவர் டர்பனைச் சேர்ந்த திரு. சூப்பிரமணி. 41 வயது, சர்க்கரையும் இதய நோயும் இருந்தன. கைப்பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு, பிறகு ஆடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். அங்கே இருந்த இயந்திரங்கள் இருபது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று விதி வைத்திருந்தார்கள். இதய நோய் காரணமாக அவர் அந்தத் தகுதியில் வரவில்லை. அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு சொன்னாலும், தொடர்ந்து நடக்க வேண்டிய டயாலிசிஸ் அதில் அடங்காது என்றும், இருக்கும் நிதிக்குள் நல்லெண்ணத்தோடு வகுத்த நியாயமான விதியில் நீதிமன்றம் தலையிடாது என்றும் நவம்பர் 27 அன்று தீர்ப்பானது. அதன்பின் அவர் அதிக நாள் உயிரோடு இல்லை.

அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனாலும் விதி நியாயமாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் அடிப்படைதான். ஆகவே மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்றுச் சிறுநீரகத் தகுதியைத் தீர்மானித்த குழு எது, அது உங்கள் அண்ணனை நேரில் பரிசோதித்ததா, கோப்பை மட்டும் பார்த்ததா என்று விசாரியுங்கள். இயந்திரம் தேவைப்படாத, வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவருமா என்பதையும் கேளுங்கள். இயந்திரத்துக்கு இடமில்லை என்று சொல்லும்போது இந்த வழியைப் பற்றிய பேச்சே எழாமல் போவதுண்டு.