அம்மாவின் குழப்பத்துக்கு மயக்க மருந்துதான் காரணமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, போன மாதம் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் ராத்திரி என்னையே "நீ யாரு?" என்று கேட்டார், சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினார். நாலு நாளில் அது அடங்கிவிட்டது, ஆனால் மாத்திரை போட்டோமா, அடுப்பை அணைத்தோமா என்று இன்னமும் தடுமாறுகிறார். முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார் சித்தப்பா. உண்மையா?
– திருச்சி வாசகி

பதில்: சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது, டாக்டர்களே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் உங்கள் அம்மாவைப் போலவே இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை வைத்துச் செய்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2021-இல் வெளிவந்தன. ஒன்று சீனாவில், இன்னொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும். முழு மயக்கமோ முதுகு ஊசியோ, எது கொடுத்தாலும் குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது.

அப்படியானால் வேறு எது? எலும்பு முறிவும் ஆபரேஷனும் சேர்ந்து திசுக்களைக் காயப்படுத்தும்போது உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது, காலில் அடிபட்டால் வீங்குகிறதே அதே வேலைதான். அதில் சுரக்கும் ரசாயனங்கள் மூளையையும் எட்டி, அங்கே காவல் காக்கும் மைக்ரோக்ளியா செல்களை உசுப்பிவிடுகின்றன. வயதானவர்களிடம் அவை ஏற்கெனவே கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், சட்டென்று அடங்காது. நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் அதில் அடிவாங்குகிறது. (இதில் பெரும்பகுதி எலிகளிடம் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இதோடு வலி, தூக்கமின்மை, தண்ணீர் குறைவு எல்லாம் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, ஐசியூவில் கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம், அப்புறம் ஆள் அடையாளம் எப்படித் தெரியும்?

ஒரு மாதத்தில் பயப்பட வேண்டாம். 60 வயது தாண்டிய 1,218 பேரிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் நாலில் ஒருவருக்கு இந்தத் தடுமாற்றம் இருந்தது, மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவராகக் குறைந்துவிட்டது.

அதுவரை மாத்திரைகளை நீங்களே எடுத்துக் கொடுங்கள், அடுப்புப் பக்கம் தனியாக விடாதீர்கள். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகவே திடீரென நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். விழுவதற்கு முன்பே மறதி இருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள், இருந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைச் சீக்கிரமே பார்ப்பது நல்லது. இல்லையென்றால் மூன்று மாதம் பொறுக்கலாம். ஆனால் குழப்பம் திடீரென்று கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.