ஒரே ஆணையம் வைத்தால் மீன் பெருகுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் என் மகன் ஏரியில் தூண்டில் போடக்கூட லைசென்ஸ் எடுத்திருக்கிறான். மீன், படகு, தண்ணீரில் பொழுதுபோக்கு எல்லாவற்றையும் அங்கே ஒரே ஆணையம் பார்த்துக்கொள்கிறதாம். கடலூர், புதுச்சேரிக்கும் சேர்த்து அப்படி ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வைக்கலாம். ஒரு தலைவர், ஒரு கட்டடம், நாலு ஜீப். மீனைத் தவிர எல்லாம் வந்துவிடும்.

உங்கள் மகன் சொன்ன ஆணையம் 1866-ல் ஆரம்பித்தது. அது பெரும்பாலும் நடப்பது தூண்டில்காரர்கள் கட்டும் லைசென்ஸ் பணத்திலும் படகுப் பதிவுக் கட்டணத்திலும்தான். போதாததற்கு, 1950-ல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி தூண்டில் சாமான்களுக்கு விதிக்கும் வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்க ஒரு நிபந்தனை: லைசென்ஸ் பணத்தில் காலணாவைக்கூட வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. சூட்சுமம் அங்கே இருக்கிறது ஐயா, 'ஒரே ஆணையம்' என்ற பலகையில் இல்லை.

அடுத்தது, உங்கள் மகனுக்கு மீன் மாட்டாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். உங்கள் ஊர்ச் சோனாங்குப்பத்து மீனவருக்கு மாட்டாவிட்டால் டீசல் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் ஊர்த் துறைமுகப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். விசைப்படகுகள் விலாவோடு விலா உரசி நிற்கும். நிழலில் வலையை விரித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் பின்னுவார்கள். அவர்களிடம் போய் உல்லாசத் தூண்டில்காரனின் கணக்கைப் படித்துக் காட்ட முடியாது.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழகம்-புதுச்சேரி எல்லைக்கோடு நம் கரையில் செய்திருக்கும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கடற்கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் கல்சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் மணற்கரை கரைந்தது. கரையைக் காக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். அரிப்பு அதோடு நின்றதா? இன்னும் வடக்கே, கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடிப் பக்கம் போய்விட்டது. அது விழுப்புரம் மாவட்டம். சுவர் ஒரு அரசின் கணக்கில், போன வீடு இன்னொரு அரசின் கணக்கில்!

ஊசுட்டேரியைப் பாருங்கள். ஒரே ஏரி, பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது. புதுச்சேரி தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2008-ல், தமிழகம் தன் பங்கை அறிவித்தது 2015-ல். இடையில் ஏழு வருடம் நாரைகள் எந்தப் பக்கம் பத்திரம் என்று பார்த்துத்தான் இறங்கியிருக்க வேண்டும். அதே புதுச்சேரி மீன்வளத் துறை, மேற்குக் கரையில் இருக்கும் மாஹேக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தனித் தடைக்காலம் அறிவிக்கிறது. ஆக, கடலைப் பார்த்து விதி போட அவர்களுக்கும் தெரியும். கரையைப் பார்த்துப் போடும்போதுதான் எல்லைக்கல் குறுக்கே வருகிறது. 12 கடல்மைலுக்கு அப்பால் போனாலோ, அது டெல்லியின் பாடு.

எனவே ஆணையத்தை விடுங்கள், வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்ற அந்த நிபந்தனையைக் கேளுங்கள். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு விடுகிறோம், புதுச்சேரிச் சுண்ணாம்பாற்றில் விடுகிறோம், கட்டணமும் வாங்குகிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு அதே தண்ணீருக்குத் திரும்புகிறது? போன மாதம் ஒரு படகுக் குழாமில் கவுன்டர்காரரிடம் கேட்டேன். "சார், லைஃப் ஜாக்கெட் போட்டுக்குங்க, படகு கிளம்புது" என்றார். நாங்கள் கிளப்பிய அலையில் ஓரமாக வலை இழுத்துக்கொண்டிருந்தவரின் சின்னப் படகு ஆட, அவர் வலையை விட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.