எவ்ரிபடி, எனிபடி, நோபடி: ராயபுரம் மிஸ்ஸிடம் சில கேள்விகள்

ராயபுரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸிடம் சுற்றுவட்டாரத்தினர் கேட்டவை.

கேள்வி: எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை, மிஸ். "எவ்ரிபடி ஹேவ் லெஃப்ட்" என்று மெசேஜ் போட்டேன். மேனேஜர் 'ஹேஸ்' என்று திருத்தினார். எல்லாரும் என்றால் பன்மைதானே?

பதில்: தமிழில் பன்மைதான். ஆங்கிலத்தில் எவ்ரிபடி, சம்படி, நோபடி எல்லாமே ஒருமை வினைதான் எடுக்கும். மேனேஜர் சொன்னது சரி. ஆனால் 'அவரவர் பை' என்று சொல்ல 'தேர் பேக்' போதும். 'ஹிஸ்' தான் போட வேண்டும் என்று பழைய இலக்கணக்காரர்கள் அடம்பிடித்தார்கள். அந்த 'தேர்' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது, தைரியமாகப் போடுங்கள்.

கேள்வி: காசிமேட்டிலிருந்து கேட்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில், மீன் வாங்கும் வெளியூர் பையர் ஒருவர் போன் செய்தார். "எனிபடி டிட் நாட் கம்" என்றேன். அவருக்குப் புரியவே இல்லை.

பதில்: நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடமே இதுதான், தம்பி. 'ஒர்த்தனும் வர்ல' என்கிறோம். 'இல்லை' கடைசியில் வந்தாலும் தமிழுக்குப் போதும். ஆங்கிலத்தில் எனிபடிக்கு முன்னாலேயே 'நாட்' வந்துவிட வேண்டும். "ஐ டிட் நாட் சீ எனிபடி" சரி. வாக்கியத்தின் முதல் சொல்லே 'யாரும்' என்றால் 'நாட்' போட முன்னால் இடம் ஏது? அங்கே நோபடிதான்: "நோபடி கேம்." அதோடு இன்னொரு 'நாட்' சேர்த்து "நோபடி டிட் நாட் கம்" என்றால், வராதவர் யாருமில்லை, எல்லாரும் வந்தார்கள் என்று ஆகிவிடும்!

அப்புறம், எனிபடி முதலில் வரவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்பதற்கு "எனிபடி கேன் கம்" தான்.

கேள்வி: கேள்வி கேட்டால் எப்போதும் 'எனி' தானா, மிஸ்? (பெரம்பூர்)

பதில்: தெரியாமல் கேட்டால் எனி: "டிட் எனிபடி கால்?" விருந்தாளியை உபசரித்தால் சம்: "வுட் யூ லைக் சம்திங் ஹாட்?" 'ஹாட் சம்திங்' வேண்டாம், 'ஹாட்' பின்னால்தான் வரும்.

கேள்வி: 'நன் ஆஃப் தெம்' பக்கத்தில் இஸ்ஸா, ஆரா? (திருவொற்றியூர்)

பதில்: இரண்டும் சரி. கெடுபிடியான வாத்தியார் பேப்பர் திருத்தினால் 'இஸ்' போட்டுவிடுங்கள்.

கேள்வி: நோ ஒன், எவ்ரிஒன்: சேர்த்து எழுதணுமா, பிரித்தா?

பதில்: நோ ஒன் எப்போதும் இரண்டு சொல். எவ்ரிஒன் ஒரே சொல்; பின்னால் 'ஆஃப்' வந்தால் மட்டும் பிரியுங்கள்: "எவ்ரி ஒன் ஆஃப் தெம்."