மாயாற்றுச் சுவரில் எதை வரைவது?

அன்புள்ள அண்ணா,

நீலகிரியில் மசினகுடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். சாலையோரச் சுவர் ஒன்றில் மாயாற்றைப் பற்றி ஊர்க்காரர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வரையலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. பெயிண்ட் செலவை ஏற்பவர்கள் அருவி, புலி, குடத்தோடு நதித்தாய் வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், இணையத்தில் குறும்பர் பழங்குடிகளின் ஓவியம் நிறைய கிடைக்கிறது, பார்த்து வரைந்துவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. சுவரில் வரைவதால் ஆற்றுக்கு ஏதாவது நடக்குமா என்றும் சந்தேகம். என்ன சொல்கிறீர்கள்?

– ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

புலியை விட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து உங்கள் ஊர் வரை ரிசார்ட் சுவர்களில் அது போதுமான அளவு இருக்கிறது. உங்கள் சுவரைப் பார்த்ததும் இது மாயாறுதான், வேறு எந்த ஆறும் இல்லை என்று தெரிய வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

அதற்கு முதலில் பாறு கழுகை வரையுங்கள். தமிழ்நாட்டில் பாறுகளுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு ஓடைக்கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மத்தி மரத்தின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. ஆக, ஆற்றங்கரை மரம் போனால் கூடும் போயிற்று. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் இந்த இனமே சரிந்தது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். உங்கள் ஊர் மாடு வளர்க்கிற ஊர். பட்டிக்குப் போகிறவர் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போவார் என்றால், மரம், கூடு, மாடு, ஊசி நான்கும் ஒரே படத்தில் இருக்கட்டும். சுவரால் ஆற்றுக்கு என்ன நடக்கும் என்று கேட்டீர்களே, அவர் ஒருநாள் நின்று, கால்நடை மருத்துவரிடம் வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்டால் அதுவே பெரிய விஷயம்.

தண்ணீருக்குள் திமில் மஹாசீரை வரையுங்கள். ஆரஞ்சுத் துடுப்புகள், தலைக்குப் பின்னால் மேடு. காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயல்பாக இல்லாத மீன், 2018-இல் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது, அது இன்னும் தங்கியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று.

அப்புறம் குழாய்கள். மலையிலிருந்து நீலமாக வளைந்து இறங்கும் கோடுதான் ஆறு என்று பிள்ளைகள் வரைவார்கள், ஆனால் முக்குருத்திப் பக்கம் பிறந்து பைக்காராவாக வந்து மாயாறாகும் தண்ணீர் 1932 முதல் இரும்புக் குழாய் வழியாகச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. கோடையில் ஆற்றில் எவ்வளவு ஓடும் என்பதில் மழைக்கு இருக்கும் பங்கு அந்த மின்நிலையங்களுக்கும் உண்டு. அசிங்கமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் குழாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்.

குறும்பர் ஓவியத்தைப் பார்த்து வரைவது வேண்டவே வேண்டாம். அது கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிகொம்பை ஆலு குறும்பர்களின் கலை. மண்ணும், வேங்கை மரத்தில் வடியும் செந்நிறப் பிசினும், இலைச்சாறும்தான் அதன் நிறங்கள். தேனெடுப்பையும் சடங்கையும் அவர்கள் வாழ்வதால் வரைகிறார்கள். அந்தப் பாணி வேண்டுமென்றால் வரைபவர்களையே அழைத்து, கூலியும் போக்குவரத்தும் கொடுத்து, என்ன வரைவது என்பதையும் அவர்களிடமே விடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, சிறியூர், ஆனைகட்டியில் இருளர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் இந்த ஆற்றைப் பற்றி ஒரு கோடு போடுவதும் சரியில்லை என்பேன்.

கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சேர்ந்து உண்ணிச்செடி என்ற களையில் செய்யும் யானை உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டை வெட்டி, வேகவைத்து, தோலை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அவை நின்றன. காட்டை மூடும் களை குறைகிறது, செய்தவர் கைக்குக் காசு வருகிறது, யானையைப் பற்றிப் பேச்சும் கிளம்புகிறது. சுவருக்கு முன்னால் உண்ணித் தண்டில் ஒரு பாறு நிற்கட்டுமே! வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

பெயிண்ட் தருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லி, பணத்தில் முதலில் கூலியை ஒதுக்கச் சொல்லுங்கள், மிச்சத்தில் பெயிண்ட் வாங்கலாம். நதித்தாய் கட்டாயம் வேண்டும் என்று நின்றால் சுவரின் ஒரு ஓரத்தைக் கொடுங்கள், சண்டை வேண்டாம். பாறுகளின் கழுத்து, இறகு நிறங்களுக்குப் படங்கள் தேவைப்பட்டால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.