பர்ப்பிள் ஹார்ட் ஹால் ஆஃப் ஹானர்னா என்ன? ஏன் அது நியூ விண்ட்சர்ல இருக்கு?

போர்ல எதிரி தாக்கி காயம்பட்ட, இல்ல உயிர்விட்ட அமெரிக்க ராணுவத்தினருக்குக் கொடுக்கிற மெடல்தான் பர்ப்பிள் ஹார்ட், அதை வாங்குனவங்களுக்காக நியூயார்க் மாநிலத்துல 2006ல திறந்த மியூசியம், நினைவிடம் ரெண்டும் சேர்ந்த இடம் இது. ஏன் அங்கன்னா, 1782ல, அமெரிக்க விடுதலைப் போர் சமயத்துல, படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் சாதாரண சிப்பாய்களுக்குன்னு ஊதாத் துணியில இதய வடிவ பேட்ஜ் அறிவிச்சது பக்கத்து நியூபர்க்லதான், அவர் படை அந்தப் போரோட கடைசி குளிர்காலத்தைக் கழிச்சது இந்த நியூ விண்ட்சர்ல. அந்த பேட்ஜ்தான் 1932ல பர்ப்பிள் ஹார்ட் மெடலா திரும்ப வந்துச்சு.

எனக்கு முக்கியமா படுறது அங்க இருக்கிற பேர்ப் பதிவு. வாங்குன எல்லாரோட முழு லிஸ்ட் அரசாங்கத்துக்கிட்டயே கிடையாது, அதனால அவங்களோ வீட்டாரோ ஆதாரத்தோட பதியணும், மொய் நோட்டு மாதிரிதான், எழுதுனாத்தான் பேரு இருக்கும்.

நிறைய பேர் பர்ப்பிள் ஹார்ட்டை வீரத்துக்கான மெடல்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, சாகசம் எதுவும் பண்ணாம நின்னவருக்குக் குண்டுத் துகள் பட்டு டாக்டர் பார்த்தாலும் கிடைக்கும், எதிரிக்கு சம்பந்தமே இல்லாம வண்டி கவுந்து அடிபட்டா கிடைக்காது.